தர்மச் சவாரி: நேர்ந்தவர் யார், நடப்பவர் யார்?

நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட மனிதர் கண்டுபிடித்திருக்கும் வழிகள் கொஞ்சமல்ல. பண்ட விற்பனை, நாடகம், குலுக்குச் சீட்டு இவையெல்லாம் நம் வாசகர்களுக்குப் பழகினவை. இங்கிலாந்து தேசத்தில் இவற்றோடு வேறொரு வழக்கமும் உண்டு. ஒருவர் தமக்குச் சிரமமான ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதாக ஊரறியச் சொல்லுவார். இத்தனை மைல் நடப்பேன், இன்ன மலையில் ஏறுவேன் என்பார். அவருடைய உற்றாரும் நண்பரும், மைலுக்கு இவ்வளவு என்றோ, முடித்தால் இவ்வளவு என்றோ, ஓர் ஆஸ்பத்திரிக்கோ அநாதைச் சாலைக்கோ கொடுப்பதாக வாக்களிப்பார்கள். சிரமம் ஒருவருடையது, பணம் பலருடையது, பலன் மூன்றாமவருக்கு. பிறர்சிநேகத்தின் இந்த ஏற்பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

குதிரை வைத்திருப்பவர்கள் இதையே குதிரைமேல் செய்கிறார்கள். ஒரு மாதத்தில் நூறு மைல் சவாரி செய்வேன் என்பது ஒரு வகை. நெடும்பாதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு மட்டும் சவாரியாகவே கடப்பேன் என்பது இன்னொரு வகை. இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. சிரமப்படுவேன் என்று சொன்னவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். சிரமத்தில் பெரும்பங்கு கீழே இருக்கிற வாயில்லா ஜீவனுடையது. சவாரி செய்கிறவருக்குச் சிரமமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஆறு மணி நேரம் சேணத்தில் இருந்துவிட்டு இறங்கினவரின் நடையைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். ஆனால் அவர் தாமாக ஏறினார். குதிரை தானாகக் குனிந்து சேணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

கேள்வியைத் தெளிவாக்க ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். நல்ல மனமுள்ள ஒரு பெண். பட்டினியாலும் உதாசீனத்தாலும் சாகக் கிடந்த ஒரு குதிரைக்குட்டியை மீட்டு வளர்த்த ஸ்தாபனத்திடமிருந்து அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறாள். குட்டி வளர்ந்து நாலு வயதாகிறது. முதுகில் சேணம் ஏறிச் சில மாதங்களே ஆகின்றன. தன் தாயாரைக் கடைசிக் காலத்தில் பராமரித்த ஓர் ஆஸ்பத்திரிக்கு நன்றி செலுத்த விரும்பி, அந்தக் குதிரைமேல் தெற்கு டவுன்ஸ் பாதை முழுவதையும் கடக்கப்போவதாக அவள் அறிவிக்கிறாள். வின்செஸ்டர் நகரத்தில் தொடங்கிக் கடலோரத்து ஈஸ்ட்போர்னில் முடியும் அந்தப் பாதை சுமார் 100 மைல். ‘ஒரு காலத்தில் சாகக் கிடந்த குதிரை, இன்று பிறரைக் காப்பாற்றப் புறப்படுகிறது’ என்று அயலார் பேசிக்கொள்கிறார்கள். படம் அழகாயிருக்கிறது. பணம் வந்து குவிகிறது. குதிரையின் பெயரைக் குழந்தைகளெல்லாம் அறிந்திருக்கிறார்கள்.

இதில் பொல்லாதவர் எவருமில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் சுயநலக்காரி அல்ல, கொடுக்கிறவர்கள் ஏமாளிகள் அல்லர், ஆஸ்பத்திரி தேவையுள்ளது. ஆகையால்தான் இது ஆராயத்தக்க விஷயம். கொடுமைக்காரன் குதிரையை அடித்தால் சரியா தப்பா என்று கேட்க ஒரு கட்டுரை வேண்டியதில்லை.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் சொல்லுவதுண்டு. பக்தி உடைக்கிறவனுடையது, தேங்காய் கடைக்காரனுடையது. அந்தப் பெண் செய்வதும் இதுதானோ? ஒரு வகையில், ஆம். குதிரையின் காலும் மூச்சும் முதுகும் அவளுடைய தேங்காய் அல்ல. சட்டத்தைப் பார்த்தாலும் பல இடங்களில் விஷயம் அப்படியே இருக்கிறது. 1927-ல் தொடங்கப்பட்டு, இன்று வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர் என்று பெயர் வழங்கும் பிரிட்டிஷ் ஸ்தாபனம், தான் மீட்ட குதிரைகளைக் குடும்பங்களுக்கு விற்றுவிடுவதில்லை. வளர்க்கக் கொடுத்து, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆட்களை அனுப்பிப் பார்த்தும் வருகிறது. வளர்ப்பவர் காவலர், எஜமான் அல்லர். காவல் காக்கக் கொடுத்ததை எடுத்துத் தர்மம் செய்வது யாருடைய தர்மம்?

ஆயினும் பழமொழி ஒன்றைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துபோகாது. அவளுக்காகப் பேச இரண்டு வாதங்கள் இருக்கின்றன. இரண்டையும் பொறுமையாய்க் கேட்கவேண்டும்.

முதல் வாதம், கைம்மாறு. ‘இந்தக் குதிரைக்கு உயிரையே கொடுத்தோம். அது கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் என்ன?’ வாயால் இதை எவரும் இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. ‘அதுவும் ஒரு நல்ல காரியத்தில் பங்குபெறட்டுமே’ என்று இனிப்பாகச் சொல்லுவார்கள். கருத்து ஒன்றுதான்.

இதற்கு மறுமொழியாக, எகிப்து தேசத்தில் நடந்த ஒரு சரித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். முதல் உலக மகா யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷ் சேனை தன் குதிரைகளில் ஆயிரக்கணக்கானவற்றை அங்கேயே விற்றுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டது. 1930-ம் ஆண்டில் டாரதி புரூக் என்னும் சீமாட்டி, குதிரைப்படைத் தளகர்த்தரான தம் கணவரோடு கெய்ரோ நகரத்துக்கு வந்து சேர்ந்தார். தெருவில் கல்லும் மண்ணும் இழுத்துக்கொண்டிருந்த கிழட்டுக் குதிரைகள் சிலவற்றின் தோலில், படைக் குதிரை என்பதற்கான சூட்டுக்குறி இன்னும் தெரிந்தது. யுத்தத்தில் பீரங்கி இழுத்தவை அவை. பன்னிரண்டு வருஷமாக அங்கே உழைத்து, எலும்பும் தோலுமாய், சில குருடாய், சில நொண்டியாய் நின்றன. அவர் 1931-ல் லண்டனில் வெளிவந்த ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். சில வருஷங்களில் அவர் சுமார் 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். வண்டிக்காரர்களும் ஏழைகளே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே பறிமுதல் செய்யவில்லை, பணம் கொடுத்து வாங்கினார். 1934-ல் கெய்ரோவில் ஓர் இலவசக் குதிரை ஆஸ்பத்திரியையும் ஸ்தாபித்தார்.

அந்த 5,000 குதிரைகளை அவர் என்ன செய்தார்? இதுதான் கவனிக்கவேண்டிய இடம். பெரும்பாலானவை இனி நோவில்லாமல் வாழ முடியாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாள் நல்ல தீனியும் தண்ணீரும் மெத்தென்ற வைக்கோல் படுக்கையும் கொடுத்து, பிறகு நோவில்லாமல் முடிவு செய்தார். அவ்வளவுதான். அந்தக் குதிரைகள் அவருக்கு ஒரு மைலும் சுமக்கவில்லை. ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. ‘பாருங்கள், எப்படித் தேறிவிட்டது’ என்று காட்டக்கூட அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. வாங்கிய விலை முழுவதும், உலகக் கணக்கின்படி, தண்டம். அவர் செய்ததை நாம் தர்மம் என்று சொல்லத் தயங்குவோமா? தயங்கமாட்டோமென்றால், மீட்கப்பட்ட உயிர் மீட்டவருக்குக் கடன்பட்டது என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டியிருக்கிறது. திருப்பிக் கேட்டால் அது கடன். அதற்கு வட்டிக் கடையில் வேறு பெயர் இருக்கிறது.

குதிரையைப்பற்றித்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. தாய் தகப்பனை இழந்த பிள்ளையை வீட்டில் சேர்த்துக்கொண்ட உறவினர்கள் எத்தனையோ பேர் தெய்வம்போல வளர்த்திருக்கிறார்கள். வேறு சில வீடுகளில் அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து தண்ணீர் சுமக்கும். வீட்டுப் பிள்ளைகள் தூங்குவார்கள். கேட்டால், ‘சோறு போட்டு வளர்க்கிறோமே’ என்பார்கள். விருந்தாளி வந்தால், ‘எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்’ என்று பெருமையும் சொல்வார்கள். அந்தப் பிள்ளையால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாததற்குக் காரணம் அதற்குப் போக்கிடமில்லாமைதான். மீட்கப்பட்ட குதிரையும் இப்படியே. பட்டினியை அறிந்த பிராணி, தீனி வைக்கும் கையை எதிர்க்கத் துணிவதில்லை. அதன் அடக்கத்தைப் பார்த்து அது ஆசையோடு வருகிறது என்று எழுதிவிடுகிறோம்.

இரண்டாவது வாதம் இதைவிடப் பலமானது. ‘அப்படியானால் மீட்கப்பட்ட குதிரை வேலையே செய்யக்கூடாதா? புல்வெளியில் சும்மா நிற்பதுதான் அதற்கு நன்மையா?’ இல்லை என்றே சொல்லவேண்டும். இந்த வாதத்தில் உண்மை நிறைய இருக்கிறது.

குதிரை இருபத்தைந்து முப்பது வருஷம் வாழக்கூடிய பிராணி. அது ஒரே வீட்டில் கடைசிவரை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வளர்க்கிறவருக்கு நோய் வரலாம், வேலை போகலாம். அப்போது, கயிற்றுக்கு அடங்கி, லாடக்காரனுக்குக் காலைத் தூக்கிக்கொடுத்து, வண்டி வாகனத்துக்கு மிரளாமல், ஒருவரை அமைதியாய்ச் சுமக்கத் தெரிந்த குதிரைக்கு வேறு வீடு கிடைக்கும். ஒன்றும் கற்காத குதிரையை யார் ஏற்பார்? ஆகவே நிதானமான பயிற்சி அதற்கு ஒருவகைச் சீதனம். பிரியமும் வேலையும் ஒன்றாய் வளர முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1956-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்துச் சந்தையொன்றில், ஹாரி டி லேயர் என்னும் டச்சுக்காரர், கசாப்புக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டிருந்த ஒரு சாம்பல் நிற உழவுக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். ஸ்நோமேன் என்று பெயரிட்டார். பிறகு அக்கம்பக்கத்தார் ஒருவருக்கு விற்றார். அதுவோ வேலிகளைத் தாண்டித் தாண்டித் திரும்ப இவரிடமே வந்து நின்றது. திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தக் குதிரை 1958-லும் 1959-லும் தாண்டும் பந்தயத்தில் அந்த நாட்டின் முதற்பரிசைப் பெற்றது. தாண்டுவதில் அதற்கு இஷ்டமுண்டு என்பதை எவரும் சந்தேகிக்க முடியாது. வேலியைத் தாண்டியபோது அதன் முதுகில் யாரும் இல்லை அல்லவா? ஆனால் வாங்கும்போதே ஸ்நோமேன் ஏறக்குறைய எட்டு வயதுக் குதிரை; எலும்பு முற்றி, உழுது பழகியது.

வயதைப்பற்றிய இந்தச் சங்கதியைச் சற்று விவரமாய்ச் சொல்லவேண்டும். நல்ல எண்ணமுள்ளவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நாலு வயதுக் குதிரை பார்வைக்கு முழு வளர்ச்சி பெற்றதாகவே தோன்றும். ஆனால் அதன் வாயில் பால்பற்கள் எல்லாம் இன்னும் விழுந்திரா. நிரந்தரப் பற்கள் வரிசையாய் நிறைய ஐந்து வயதாகும். எலும்புகள் கீழிருந்து மேலாக முற்றுகின்றன. குளம்புக்கு அருகிலுள்ளவை முதலாவது வயதிலேயே முற்றிவிட, முழங்காலுக்கு மேலுள்ள எலும்பின் குருத்து இரண்டரை வயது மட்டும் மூடாமலிருக்கும். எல்லாவற்றிலும் பிந்தி முற்றுவது முதுகெலும்பு. ஐந்தரை, ஆறு வயதுவரை அங்கே வளர்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. நாம் சேணம் வைப்பதோ அந்த முதுகின்மேல்! குட்டிப் பிராயத்தில் பட்டினி கிடந்த குதிரையின் காரியத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. சேணமும் ஆளும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது என்பது பரவலாய்ச் சொல்லப்படும் அளவு. 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 80 கிலோ. முற்றின குதிரைக்கே அது மேல்வரம்பு.

அதற்காக நாலு வயதில் முதுகில் ஏறவே கூடாது என்பதல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரைமணி நேரம், சமதரையில், நடையாக. அது பாடம். ஆனால் தெற்கு டவுன்ஸ் பாதை பாடம் அல்ல. அது சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகின்மேல் போகிறது. ஆரன், ஆடுர், ஊஸ், கக்மியர் ஆகிய ஆறுகள் அந்தக் குன்றுகளை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி, மறுபடி செங்குத்தாய் ஏறவேண்டும். தரையெங்கும் சக்கிமுக்கிக் கற்கள். குளம்பின் அடியை அவை கன்றச் செய்யும். மேட்டில் தண்ணீர் அரிது. முற்றி, பழகி, மாதக்கணக்கில் தயார் செய்யப்பட்ட குதிரைக்கு அது அருமையான பாதை. நம்முடைய நாலு வயதுக் குதிரைக்கு?

‘கொஞ்சம் அவசரப்பட்டால் என்ன, எண்ணம் நல்லதாயிற்றே’ என்பவர்களுக்கு, குதிரைகளை மீட்கிறவர்களே முதலில் கற்கும் ஒரு பாடத்தைச் சொல்லலாம். பட்டினியால் குற்றுயிராய்க் கிடக்கிற குதிரையைக் கண்டவுடன் மனம் பதறும். ஒரு வாளி நிறையத் தானியம் வைத்துவிடத் தோன்றும். அப்படி வைத்தால் குதிரை செத்துப்போகக்கூடும். நெடும்பட்டினிக்குப்பின் மாச்சத்து திடீரென்று உள்ளே போகும்போது, இரத்தத்திலுள்ள உப்புச் சத்துக்கள் நிலைகுலைந்து, மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இருதயமோ மூச்சோ நின்றுவிடலாம். பட்டினியைத் தாங்கிய பிராணி உபசாரத்தால் சாகிறது. ஆகையால் அனுபவசாலிகள் குதிரைமசால் தழையைக் காயவைத்து, கைப்பிடி கைப்பிடியாக, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்து, பல நாட்களில் மெதுவாக அளவைக் கூட்டுகிறார்கள். 2008-ம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் அமெர்ஷம் ஊருக்கு அருகே ஒரு பண்ணையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் மீட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்டவை முன்பே செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவற்றைத் தேற்ற மாதங்கள் பல ஆயின. கண்ணெதிரே பசித்து நிற்கிற பிராணிக்கு வேண்டுமென்றே கொஞ்சமாய்க் கொடுப்பது எவ்வளவு கடினமான இரக்கம் என்பதை, பிள்ளைக்குப் பத்தியச் சோறு போட்ட தாய்மார் அறிவார்கள்.

நிற்க. இனி, பணத்தின் காரியம்.

சும்மா ஒருநாள் சவாரிக்குப் போகிற பெண், குதிரை காலை ஒரு தடவை தவறி வைத்தாலே இறங்கிப் பார்ப்பாள். சந்தேகமானால் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். அதே பெண், எழுபதாவது மைலில், முடித்தால் ஆயிரக்கணக்கான பவுன் ஆஸ்பத்திரிக்குச் சேரும் என்ற நிலையில், அதே தவறின காலைப் பார்க்கிறாள். ‘ஒரு கல் பட்டிருக்கும்’ என்று தோன்றுகிறது. ‘இன்னும் ஐந்து மைல் பார்ப்போம்’ என்று தோன்றுகிறது. அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய கண்ணே அப்படிப் பார்க்கிறது. குதிரையோ உதவி செய்யாது. வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்த பிராணியாகையால் நோவை மறைப்பது அதன் சுபாவம். காட்டில் நொண்டுகிற குதிரையைத்தானே ஓநாய் தெரிந்தெடுக்கும்! விழப்போகும் கட்டம் மட்டும் அது நடந்துகொண்டே இருக்கக்கூடும்.

ஆகவே சவாரி செய்கிறவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல கேள்வி. குதிரைக்காகப் பேச வேறொருவர் அங்கே இருக்கிறாரா என்பதே. நெடுந்தூரப் பந்தயக்காரர்கள் இதை நன்றாய்க் கண்டுகொண்டார்கள். கலிபோர்னியாவில் 1955-ல் வெண்டெல் ராபி என்பவர் தொடங்கின டெவிஸ் கோப்பைச் சவாரி, 24 மணி நேரத்தில் 100 மைல் மலைப்பாதை. ஆறு வயது நிரம்பாத குதிரை அதில் சேர முடியாது. வழியில் பல இடங்களில் குதிரை வைத்தியர்கள் காத்திருக்கிறார்கள். நாடியை எண்ணுகிறார்கள், ஈறின் நிறத்தைப் பார்க்கிறார்கள், கழுத்துத் தோலைக் கிள்ளி, அது எவ்வளவு சீக்கிரம் படிகிறதென்று பார்த்து உடம்பில் நீர் வற்றியதா என்று அறிகிறார்கள், வயிற்றில் காது வைத்துக் குடலின் ஓசை கேட்கிறார்கள், ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிக்கிறார்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்குள் இருக்கும். இத்தகைய சவாரிகளில், நின்ற சிறிது நேரத்துக்குள் அது 64-க்கோ விதிக்கப்பட்ட வேறோர் அளவுக்கோ இறங்கியாகவேண்டும். இல்லையென்றால் மேலே போக அனுமதியில்லை. கெஞ்சிப் பயனில்லை, ‘தர்மத்துக்காகப் போகிறேன்’ என்றாலும் பயனில்லை. புறப்படுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரே முடிக்கிறார்கள். 1964 முதல் அங்கே ஹேகின் கோப்பை என்று இன்னொரு பரிசும் கொடுக்கிறார்கள். முதலில் வந்துசேர்ந்த பத்துக் குதிரைகளில் எது நல்ல தேகநிலையில் இருக்கிறதோ அதற்கு அந்தப் பரிசு. அதை ஜெயிப்பதே பெருமை என்று எண்ணும் சவாரிக்காரர்கள் பலருண்டு. எனக்கும் அதுவே நியாயமாய்ப்படுகிறது.

மங்கோலியாவில் 2009 முதல் நடக்கிற மங்கோல் டெர்பி என்னும் 1,000 கிலோமீட்டர் சவாரியில் வேறொரு யுக்தி. சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம்; ஒவ்வொன்றிலும் குதிரை மாறுகிறது, மனிதர் மாறுவதில்லை. வந்திறங்கும் குதிரையின் நாடி குறித்த நேரத்தில் இறங்காவிட்டால் சவாரிக்காரருக்குத் தண்டனை. அங்கும் தர்மத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள். சிரமம் முழுவதும் மனிதர் தலையில்! இதை எண்ணினவர் யாராயிருந்தாலும் சமர்த்தர்.

இப்போது ஒரு விபரீதத்தைப் பாருங்கள். கோப்பைக்காக ஓடுகிறவனை நாம் சந்தேகிக்கிறோம். அவனுக்கு வைத்தியரை வைக்கிறோம், வயது விதிக்கிறோம், வாசலில் நிறுத்துகிறோம். தர்மத்துக்காகத் தனியே புறப்படுகிற பெண்ணை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. அவளுக்கு வைத்தியர் இல்லை, விதி இல்லை, நிறுத்துவார் இல்லை. வழியில் நிற்கிறவர்களெல்லாம் கைதட்டுகிறார்கள். கெட்ட எண்ணத்துக்கு வேலி போட்டிருக்கிறோம். நல்ல எண்ணத்துக்குப் போடவில்லை. நம்முடைய குதிரைக்கு எது அதிக ஆபத்து?

நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருத்தலத்துக்குக் கால்நடையாய் வருவதாக நேர்ந்துகொள்கிறவர் தம் காலால் நடப்பதாகவே நேர்ந்துகொள்கிறார். நேர்ச்சை நேர்ந்தவரை மட்டுமே கட்டும் என்பது திருச்சபைச் சட்டத்தில் நெடுங்காலமாய் உள்ள விதி. பழைய ஏற்பாட்டில் ஜெப்தே என்னும் சேனாபதி, ஜெயித்துத் திரும்பினால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்டான். எதிர்ப்பட்டவள் அவனுடைய ஒரே மகள். நேர்ந்தது அவன் வாய். கொடுத்தது அவள் உயிர். அந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம், அவன் வாக்கை மீறவில்லை என்று மெச்சத் தோன்றுவதில்லை. இப்படியொரு வாக்கை ஏன் கொடுத்தான் என்றுதான் தோன்றுகிறது.

நூறு மைல் என்ற வாக்கும் அப்படியே. அவள் கொடுக்கக்கூடியது தன் நேரம், தன் தூக்கம், தன் உடம்பு, தன் பெருமை. கடைசியிற் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கொடுக்கக் கடினமானது. எழுபதாவது மைலில் இறங்கி, பணம் தருவதாகச் சொன்ன அத்தனை பேருக்கும், ‘குதிரைக்கு முடியவில்லை, நிறுத்திவிட்டேன்’ என்று எழுதுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! ஆனால் சவாரியில் அவளுடைய சொந்தக் காணிக்கை என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டானால் அது அந்தக் கடிதமே. மீதியெல்லாம் குதிரையுடையது.

இதில் பணம் கொடுக்கிற நாமும் தப்பமுடியாது. ஓர் ஆஸ்பத்திரிக்குத் தேவையிருக்கிறதென்றால், யாராவது ஒருவர் நூறு மைல் போய்ச் சேர்ந்தால்தான் நம் பை திறக்குமா? டாரதி புரூக் அம்மையார் எந்தச் சவாரியும் செய்யவில்லை. ஒரு கடிதம் எழுதினார், பை திறந்தது. முடித்தால் தருகிறேன் என்று நாம் சொல்லும்போது, அந்தப் பெண்ணின் காதில், ‘நிறுத்தாதே’ என்று தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். முன்னதாகவே கொடுத்துவிட்டு, ‘குதிரை நின்ற இடத்தில் நீயும் நின்றுவிடு, பணம் உன்னுடையதுதான்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால், எழுபதாவது மைலில் அவளுடைய கண்ணுக்குக் குதிரையின் கால் உள்ளபடியே தெரியும். நம்மால் செய்யக்கூடியதில் இதைவிட மலிவானது ஒன்றுமில்லை.

எமே ஷிஃபெலி என்னும் சுவிஸ் தேசத்து ஆசிரியர் 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து மாஞ்சா, காட்டோ என்ற இரண்டு குதிரைகளோடு புறப்பட்டு, மூன்று வருஷத்தில் சுமார் 16,000 கிலோமீட்டர் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் போய்ச் சேர்ந்தார். எப்படி முடிந்தது என்று கேட்பவர்கள் இரண்டு விவரங்களை மறந்துவிடுகிறார்கள். குதிரைகள் இரண்டும் அப்போதே பத்து வயதை வெகுவாய்த் தாண்டினவை. அவருக்கு இத்தனை நாளில் போய்ச் சேரவேண்டும் என்ற கெடு கிடையாது. ஓய்வு தேவைப்பட்ட இடங்களில் வாரக்கணக்கில் தங்கினார். முடித்தபின் இரண்டையும் கப்பலில் ஏற்றிச் சொந்த தேசத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அவை மேய்ந்து திரிந்து, காட்டோ 1944-லும் மாஞ்சா 1947-லும் முதுமையில் இறந்தன.

நம்முடைய பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. குதிரைக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுக்கட்டும். அதற்குள் அது சாலையையும் பாலத்தையும் மாட்டுமந்தையையும் பார்த்துப் பழகட்டும். கடைசி வருஷத்தில் வைத்தியரைக் கொண்டு முதுகையும் காலையும் பார்த்துவிட்டு, நாளொன்றுக்கு இத்தனை மைல் என்பதைக் குதிரையே தீர்மானிக்கும்படி போகட்டும். ஆஸ்பத்திரிக்கு இந்த வருஷமே பணம் வேண்டுமென்றால், அதற்கும் தடையில்லை. தெற்கு டவுன்ஸ் பாதை சவாரிக்காரருக்கு மட்டும் திறந்ததல்ல, நடக்கிறவர்களுக்கும் அதுவே பாதை. அவளுக்கு இரண்டு நல்ல கால்கள் இருக்கின்றன. சமதரையான ஒரு காலைப்பொழுதில் குதிரையும் கூட வரலாம். சேணமில்லாமல், கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, வேலியோரத்துப் புல்லைக் கடித்துக்கொண்டு.